நீரிணையின் இந்தப் பக்கம்

வற்புறுத்தி அழைத்தது நான்தான்.
"ஒரு ராத்திரி இங்கேயே தங்கு, அமராவதி.
விடிஞ்சா புத்தாண்டு, வேலையும் இல்ல.
படகுத்துறைக்குப் பக்கத்துல மேடை போடறாங்க,
பாட்டு, வாணவேடிக்கை, எல்லாம் இலவசம்."
இலவசம் என்ற சொல்லை
என் கைக்காசில் வாங்கித் தருவதுபோல் சொன்னேன்.

பதினோரு வருடமாக உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில்
ஒரே மேசையில் சில்லுகளைச் சோதிக்கிறோம்.
விடிகாலை நாலு மணிக்கு
அவள் கடற்பாலத்து வரிசையில் நிற்கும்போது
நான் புரண்டு படுப்பேன்.
அதை ஒரே இரவில் ஈடுகட்டிவிடலாம் என்று
எப்படி நினைத்தேனோ.

ஏழரைக்குப் பாய் விரித்தோம்.
ஏழு நாற்பதுக்கு மழை.
தூறல்தான் என்று ஐந்து நிமிடம் நம்பினோம்.
பிறகு கூரைக்கடியில் நானூறு பேர்,
எட்டுத் தள்ளுவண்டி, நனைந்த ஒரு நாய்.
ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர் வந்து
எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்களா என்றார்.
இல்லை என்றது எங்கோ ஒரு குழந்தை.

மழை தின்ற நேரத்தை
நிகழ்ச்சியில் பிடித்துக்கொண்டார்கள்.
மேள வாத்தியம் போயிற்று.
மந்திர வித்தைக்காரர் போனார், புறாக்களோடு.
நான்கு மொழிப் பாட்டு மட்டும் தப்பியது;
அதில் நமக்கு வந்தது இரண்டு வரி.
மூன்றாவதும் வரும் என்று
தட்டுவதற்குத் தூக்கிய கையை
அமராவதி அப்படியே வைத்திருந்தாள்.
பிறகு அதே கையால் கொசு அடித்தாள்.

இடப்பக்க ஒலிபெருக்கி செத்துவிட்டது.
பாடகியின் வாய் ஓரிடம், குரல் ஓரிடம்,
பேச்சுவார்த்தை இல்லாத கணவன் மனைவிபோல.
மீ கோரெங் ஆறு வெள்ளி, ஆறிப்போயிருந்தது.
"ஆறு வெள்ளின்னா ஆறாம இருக்குமா" என்றாள்.
அந்த இரவில் நான் சிரித்தது
அந்த ஒருமுறைதான்.

பத்து, ஒன்பது, எட்டு.
பெரிய திரையின் கடிகாரம் ஐந்தில் நின்றுவிட
ஆளுக்கொரு வேகத்தில்
புது வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.

வாணம் எழும்பத்தான் செய்தது.
முதல் இரண்டும் முழுசாய் விரிந்தன,
பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.
அதற்குப் பிறகு காற்றே இல்லை.
புகை எங்கேயும் போகாமல்
எங்கள் தலைக்கு மேலேயே குடியேறிவிட்டது.
உள்ளே என்னென்னவோ வெடித்தன,
அடுத்த வீட்டுச் சண்டைபோல்
சத்தம் மட்டும் வந்தது.
மூன்று நிமிடம். கந்தக வாடை.
நன்றி, வணக்கம்,
குப்பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அவள் முகத்தைப் பார்க்கவேண்டாமே என்று
பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

அப்போது
தண்ணீருக்கு அந்தப் பக்கம்
ஜொகூர் பாரு எழுந்தது.
யார் ஏற்பாடோ தெரியாது, மேடை கீடை இல்லை,
அடுக்குமாடிகளின் தலைக்கு மேல்
பொன்னாய், ஊதாவாய்,
ஒன்று அணையுமுன் ஒன்று.
பேருந்தைப் பிடிக்க ஓடிய கூட்டம்
பாதியில் திரும்பி நின்றது.
இந்தப் பக்கத்துப் புகைகூட
அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் அழகாகத்தான் இருந்தது.

அமராவதியின் கைபேசி அடித்தது. மகன்.
ஒவ்வொரு வெடியும் முதலில் கைபேசியில் கேட்டது,
நாலைந்து நொடி கழித்து
நீரைத் தாண்டி வந்து சேர்ந்தது.
"அம்மா, நம்ம மொட்டைமாடிக்கு நேர் மேலம்மா!
நீ எங்க இருக்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.
மேடையைப் பிரிக்கும் ஆட்களைப் பார்த்தாள்.
"முன்வரிசையிலடா" என்றாள்.

பிறகு என் கக்கத்திலிருந்த பாயைப்
பிடுங்கி விரித்தாள்.
ஈரப்பக்கம் மேலே இருந்தது.
திருப்பிப் போடத் தோன்றாமல்
அப்படியே உட்கார்ந்தோம்.